கரண்ட், தண்ணீர் உட்பட

தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் வீடு வாடகைக்கு விடுவோர் தொகை சொல்லும் முறை இரண்டு. வாடகை இவ்வளவு, கரண்டுக்கு யூனிட் கணக்கு, தண்ணீருக்கு மாதம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது ஒன்று. எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஒரே எண்ணில் முடித்துவிடுவது மற்றொன்று. இரண்டாவது முறை கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். மாற்றலாகி வந்த வங்கி ஊழியரும், தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த செவிலியரும், ஜவுளிக்கடை விற்பனையாளரும் சம்பளத்தில் ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டால் அதற்குமேல் எந்தச் சீட்டும் வீடு தேடி வராது என்ற நிம்மதிக்காகவே அதை விரும்புகிறார்கள். ஆனால் மீட்டரைப் பாராமல் குடியிருப்பவர் கணக்கிலிருந்து தப்பிவிடுவதில்லை. எண்களைக் கொண்டு நடக்க வேண்டிய கணக்கு அந்த வீடுகளில் மனிதர்களின் நடத்தையைக் கொண்டு நடக்கிறது என்பதும், அப்படி நடக்கும்படி வீட்டுக்காரரைத் தூண்டுவது பெரும்பாலும் அவருடைய சுபாவமல்ல, மின்கட்டணம் விதிக்கப்படும் முறையே என்பதும் சற்று நிதானமாகப் பார்க்கத் தக்கவை.

இந்த ஏற்பாடு கட்டடத்திலிருந்தே பிறக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வளவு என்றும், மதுரையில் காம்பவுண்டு என்றும், கோவை, திருப்பூர் வட்டாரத்தில் லைன் வீடு என்றும் வழங்குபவை, பொதுவான முற்றத்தையோ நடையையோ வைத்துப் பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் பழைய அமைப்புகள். இவற்றோடு பின்னாளில் வந்து சேர்ந்தது மாடிப் போர்ஷன், அதாவது சொந்தக்காரர் கீழே குடியிருக்க, வெளிப்புறமாகப் படிக்கட்டு வைத்து மேல்தளத்தைத் தனிக் குடித்தனமாகப் பிரித்த பகுதி. மகனுக்கென்று எழுப்பிய மாடி, மகன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டதால் வாடகைக்கு வருகிறது. ஒரே குடும்பம் புழங்குவதாக எண்ணிக் கட்டிய வீட்டில் ஒரே மின் இணைப்பு, ஒரே போர், ஒரே மேல்நிலைத் தொட்டி, ஒரே செப்டிக் டேங்க் என்று எல்லாமே ஒற்றையாக இருக்க, அடுப்பு மட்டும் இரண்டாகவோ நான்காகவோ பெருகிவிடுகிறது. பெருநகரத்து அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர் இருப்பதும், சிறுநகரத்து மாடியில் இல்லாதிருப்பதும் இப்படித்தான் நேர்கின்றன.

மின்வாரியத்தின் மொழியில் இணைப்பு என்பது ஒரு மீட்டருக்கும் ஓர் எண்ணுக்கும் உரியது. இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கீட்டாளர் வந்து அந்த மீட்டரைப் பார்த்து, முன்பெல்லாம் வெள்ளை அட்டையில் குறித்துவிட்டுப் போவார். அந்த மீட்டருக்குப் பின்னால் வீட்டுக்காரர் தம் செலவில் பொருத்திக்கொள்ளும் தனியார் மீட்டரே சப் மீட்டர். மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையில் ஒட்டடையோடு இவை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ‘மாடி முன்’, ‘மாடி பின்’ என்றோ, எப்போதோ காலி செய்துவிட்டுப் போன டீச்சரின் பெயரோ எழுதியிருக்கும். வாரியம் இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கெடுக்க, வீட்டுக்காரர் வாடகையோடு சேர்த்து மாதந்தோறும் எடுப்பார். அந்தக் கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறும். இரண்டு கணக்குகளும் ஒரே மின்சாரத்தைத்தான் அளக்கின்றன, ஆனால் ஒரே விலையில் அல்ல.

விலை வேறுபடுவதற்குக் காரணம் ஸ்லாப் முறை. யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு; ஸ்லாப் என்பது யூனிட் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு கட்டத்துக்கும் விலையை உயர்த்திக்கொண்டு போகும் அடுக்கு. 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் திருத்தி அமைத்த விகிதப்படி (அதன் பிறகும் கட்டணம் சற்று ஏறியிருக்கிறது, ஆனால் அடுக்கின் வடிவம் மாறவில்லை) 500 யூனிட்டுக்குள் செலவழிப்போருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டியவர்களுக்கு 2.25 என்ற சலுகைக் கட்டமே கிடையாது, 101லிருந்தே 4.50 ஆகி, 501 முதல் 600 வரை 8 ரூபாய், அதற்குமேல் இன்னும் கூடுதல். நான்கு குடும்பங்கள் இரண்டு மாதத்தில் தலைக்கு 150 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளலாம்: இரண்டு மின்விசிறி, நான்கைந்து விளக்கு, ஒரு மிக்ஸி, ஒரு தொலைக்காட்சி, ஒரு சிறிய ஃபிரிட்ஜ் உள்ள சிக்கனமான குடித்தனம் அது. தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் 112 ரூபாய் 50 காசு கட்டும். நான்குக்கும் சேர்த்து 450 ரூபாய். அதே நான்கு குடும்பங்களும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்தம் 600 யூனிட், கட்டணம் 2,750 ரூபாய். ஒரு விளக்குகூட அதிகம் எரியவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருப்பதற்கு விதிக்கப்படும் தண்டம் இது.

கட்டணம் வகுத்தவர்களின் நோக்கத்தில் குறை காண்பது கடினம், ஏனெனில் அதிகம் செலவழிப்பவர் வசதியானவர், அவர் அதிகம் தரட்டும் என்பது நியாயமான எண்ணமே. ஆனால் அந்த எண்ணம், மீட்டர் ஒன்று என்றால் குடும்பமும் ஒன்று என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. மிகக் குறைவாகச் செலவழிக்கும் நான்கு குடித்தனங்கள் ஒரு மீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும்போது, வாரியத்தின் ஏட்டில் அவை குளிர்சாதனம் வைத்த ஒரு பங்களாவாகத் தெரிகின்றன. அந்தப் பில்லை வீட்டுக்காரர் எப்படிப் பகிர்கிறார் என்பது அவரவர் மனச்சாட்சிக்கு விட்ட விஷயம். மொத்தத்தைச் சராசரியாக்கினால் யூனிட் நாலரை ரூபாய்க்குச் சற்று மேலே வரும். உச்சக் கட்டத்தின் விலையான எட்டு ரூபாயையே எல்லா யூனிட்டுக்கும் வைத்தால், நால்வரில் ஒருவர் வீட்டுக்காரராக இருக்கையில், மற்ற மூவரிடமிருந்து 3,600 ரூபாய் வந்துவிடும். அதில் முழு பில்லையும் கட்டி, தம் வீட்டு மின்சாரத்தையும் இலவசமாக்கிக்கொண்டு, மிச்சம் 850 ரூபாயை அவர் பையில் போட்டுக்கொள்ளலாம். எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அப்படிச் செய்பவர்கூட அதைக் கொள்ளை என்று நினைப்பதில்லை; மோட்டார், மாடிப்படி விளக்கு, வயரிங் தேய்மானம் என்று அவர் சொல்லும் பட்டியலில் பாதி உண்மை.

‘உட்பட’ வாடகையில் இந்தப் பகிர்வுச் சிக்கல் இல்லை. அதனாலேயே வேறொரு சிக்கல் வருகிறது. இப்போது மின்சாரத்தின் இழப்புப் பயம் முழுவதும் வீட்டுக்காரர் தலையில். மேற்சொன்ன விகிதப்படி 500 யூனிட்டோடு நின்றால் பில் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால், சலுகைக் கட்டம் பறிபோவதால், 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். இந்தக் கோட்டை அறிந்த வீட்டுக்காரர், கணக்கீட்டாளர் வரும் நாள் நெருங்க நெருங்க மாடியை அண்ணாந்து பார்ப்பதில் வியப்பில்லை. வாஷிங் மெஷின் எத்தனை முறை ஓடுகிறது, கேஸ் தீர்ந்தபோது வாங்கிய இண்டக்ஷன் அடுப்பு கேஸ் வந்த பிறகும் ஓடுகிறதா, கோடையில் ஊரிலிருந்து வந்த மாமியார் எப்போது திரும்புவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டிய செய்திகளாகின்றன. இந்த விசாரணை ஒருபோதும் விசாரணையின் குரலில் வராது. காலையில் கோலம் போட்டுக்கொண்டே வீட்டுக்கார அம்மாள், “நைட்டெல்லாம் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சேம்மா, தம்பிக்குப் பரீட்சையா?” என்று கேட்பார். அதில் அக்கறையும் உண்டு, மீட்டரும் உண்டு. எது எவ்வளவு என்று பிரிக்க அவராலேயே முடியாது. மாடியிலிருப்பவர் “ஆமாங்கக்கா, பப்ளிக் எக்ஸாம்” என்று சொல்லும்போது தம் மின்செலவுக்கு ஒரு காரணம் காட்டி அனுமதி பெற்றுக்கொள்கிறார். யூனிட்டுக்குப் பணம் கட்டுபவர் இப்படிப்பட்ட பதில் எதையும் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். விடிய விடிய விளக்கெரித்தாலும் அது அவர் காசு.

குளிர்நாடுகளில் இதே ஏற்பாடு வேறு விதமாக நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பழைய அடுக்ககங்களில் ஒரே கொதிகலனிலிருந்து எல்லா வீட்டுக்கும் வெப்பம் போவதால், வெப்பம் உட்பட வாடகை என்பது அங்கே நெடுங்கால வழக்கம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டமொன்று, புதிய கட்டடங்களில் பல வீடுகளுக்கு ஒரே மின்மீட்டர் வைப்பதைத் தடுப்பது குறித்து மாநிலங்கள் ஆராய வேண்டும் என்றது. அரிக் லெவின்சன், ஸ்காட் நீமன் என்ற பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பம் வாடகையில் அடங்கிய வீடுகளில் குடியிருப்போர் குளிர்காலத்தில் வெளியே போகும்போதும் வீட்டை மற்றவர்களைவிட ஃபாரன்ஹீட் கணக்கில் 1 முதல் 3 பாகை வரை சூடாக விட்டுப் போகிறார்கள் என்றும், வாடகையில் கூடும் தொகை அப்படிச் செலவாகும் எரிபொருளின் விலைக்கு ஈடாவதில்லை என்றும் காட்டியது. செலவழிப்பவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர் என்றால் விரயம் வரும் என்பது இதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் முடிவு. அந்த முடிவு, வீட்டுக்காரர் வேறெங்கோ இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறது. கீழ்வீட்டிலேயே அவர் குடியிருந்து, மாடியில் விசிறி சுற்றும் ஓசை அவர் படுக்கையறை வரை கேட்கும் ஊரில், விரயத்தைத் தடுக்க மீட்டர் தேவைப்படுவதில்லை. அங்கே அளவு மீறுவது மின்சாரமல்ல, பார்வை.

தண்ணீரின் கணக்கு இதைவிட நுட்பமானது, ஏனெனில் அதற்கு மீட்டரே கிடையாது. சிறுநகரத்து வீட்டில் தண்ணீர் என்பது ஒரு பொருளல்ல, மூன்று: போரிலிருந்து மோட்டார் ஏற்றும் உப்புத்தண்ணீர், நகராட்சிக் குழாயில் முறை வைத்து வரும் நல்ல தண்ணீர், குடிப்பதற்குக் கடையில் வாங்கும் கேன் தண்ணீர். ‘தண்ணீர் உட்பட’ என்று சொல்லும்போது முதலாவது நிச்சயம் அடங்கும், மூன்றாவது நிச்சயம் அடங்காது. சச்சரவு முழுவதும் இரண்டாவதில்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி போன்ற வானம் பார்த்த பூமியிலும், திருச்சிக்கு அருகே காவிரியில் எடுத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்வழியே வரும் தண்ணீரை நம்பியிருக்கும் இராமநாதபுரத்துப் பக்கத்து ஊர்களிலும், நல்ல தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வரும் நாளில் எந்த நேரத்தில் வரும் என்பதும் உறுதியில்லை. குழாய் கீழ்வீட்டு வாசலில் இருக்கிறது. யார் முதலில் பிடிப்பது, மாடிக்கு எத்தனை குடம், வேலைக்குப் போயிருக்கும் பெண்ணுக்காக யார் பிடித்து வைப்பது என்பவற்றை எந்த ஒப்பந்தமும் எழுதி வைப்பதில்லை. குடங்களை வரிசையில் வைப்பதும், தண்ணீர் வந்த செய்தியை மாடிக்குக் குரல் கொடுத்துச் சொல்வதும், நின்றுவிடுமுன் அடுத்தவர் குடத்தை நகர்த்திவிடுவதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலைகள். வாடகையில் அடங்கியதாகச் சொல்லப்படும் தண்ணீர் மாடி ஏறுவது இந்த உழைப்பில்தான்.

உப்புத்தண்ணீரின் ஆட்சி மோட்டார் சுவிட்சில் இருக்கிறது, அந்தச் சுவிட்ச் கீழ்வீட்டுக்குள் இருக்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மோட்டார் போடுவது வழக்கமென்றால், தொட்டி நடுவில் வற்றிவிட்ட நாளில் சோப்பு நுரையோடு குளியலறையில் நிற்பவர், யாரையாவது கீழே அனுப்பி “கொஞ்சம் மோட்டார் போடுங்களேன்” என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் போடுவார்கள்; கேட்க வேண்டியிருப்பதே அந்த வீட்டின் அதிகார அமைப்பு. தொட்டி ஒரு நாளில் எத்தனை முறை நிறைகிறது என்பதே தண்ணீருக்கான மீட்டர், அதைப் படிப்பவர் மோட்டார் போடுபவர். தனி வீடுகளாகப் பிரித்த சிறு அடுக்ககங்களில் இந்த மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தனி இணைப்பு உண்டு. 2022 திருத்தம் அதைப் பொதுப் பயன்பாட்டு வகை என்று தனியே பிரித்து யூனிட் 8 ரூபாய் ஆக்கியது. எதிர்ப்பு வலுக்கவே, 2023 அக்டோபரில், பத்து அல்லது அதற்குக் குறைவான வீடுகள், மூன்று மாடிக்கு மேற்படாத உயரம், லிஃப்ட் இல்லாமை ஆகிய மூன்றும் பொருந்தும் குடியிருப்புகளுக்கு மட்டும் அதை 5.50 ஆகக் குறைத்தார்கள்.

சட்டம் இந்த வசதிகளை எப்படிப் பார்த்திருக்கிறது என்பது தனிச் சுவையுள்ள வரலாறு. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நியாய வாடகை என்ற கருத்தைக் கொண்டிருந்தது. அதாவது நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை ஆண்டு வாடகையாகக் கொள்வது. அதனோடு சேர்க்கத் தக்க வசதிகளை அச்சட்டத்தின் முதல் அட்டவணை அடுக்கியது: குளிர்சாதனம், லிஃப்ட், மொசைக் தரை, மேல்நிலைத் தொட்டி, தண்ணீர் ஏற்றும் மின்மோட்டார், பூப்பந்துத் திடல், குடியிருப்பவர் அனுபவிக்கும் மரப்பலன் என்று அது போகும். மேல்நிலைத் தொட்டியும் பூப்பந்துத் திடலும் ஒரே பட்டியலில் நிற்பது இன்று சிரிப்பை வரவழைக்கலாம். கிணற்றில் இறைத்துக்கொள்வது இயல்பாக இருந்த காலத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது ஓர் ஆடம்பரமே. அதே சட்டம், குடியிருப்பவர் அனுபவித்து வரும் வசதியை வீட்டுக்காரர் தகுந்த காரணமின்றித் துண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது.

அதன் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் கட்டாயம் என்றது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, துப்புரவு முதலியவற்றை இன்றியமையாச் சேவைகள் என்று வகைப்படுத்தி, தகராறு வந்தாலும் அவற்றை நிறுத்தக் கூடாது என்றது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது யார் பொறுப்பு, உள்வயரிங் யார் பொறுப்பு என்பது வரை அட்டவணையிட்டது. சேவை இருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் சட்டம், சப் மீட்டர் யூனிட்டுக்கு என்ன விலை என்பதை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகிறது. அந்த ஒப்பந்தமோ, ஓராண்டைத் தாண்டினால் பத்திரப் பதிவு வேண்டும் என்பதால் 11 மாதத்துக்கு எழுதப்படும், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஒரு மாதிரிப் படிவம். அதில் கரண்டைப் பற்றிய வரி ‘மின்கட்டணத்தை வாடகைதாரரே செலுத்த வேண்டும்’ என்பதோடு முடிந்துவிடும். ஒத்தி என்ற ஏற்பாட்டில்கூட, அதாவது சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதை முழுதாகத் திரும்பப் பெறும் முறையில்கூட, கரண்ட் மட்டும் மாதாமாதம் கணக்குக்கு வந்துவிடுகிறது என்பது கவனிக்கத் தக்கது.

மின்சாரச் சட்டத்தைத் திறந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். 2003ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, ஓர் இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அங்கே குடியிருப்பவரும் இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமம் பெறாதவர் மின்சாரத்தை வினியோகிக்கவோ வாங்கி விற்கவோ கூடாது. ஏட்டில் மாடிக் குடித்தனக்காரருக்கு இவ்வளவு உரிமை இருக்க, நடைமுறையில் வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் தனி இணைப்புக்கு அலைய அவர் துணிவதில்லை. அடுத்த மாற்றல் வரும்வரை ஓட்டிவிட்டால் போதும் என்பதே அவர் நிலை. 2022 இறுதியில் இணைப்பு எண்ணோடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது இந்த ஏற்பாட்டின் உள்கட்டு வெளியே தெரிந்தது. ஒரே பெயரில் இரண்டு மூன்று இணைப்பு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் இலவச யூனிட் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். வாடகைக்கு இருப்பவரின் ஆதாரைச் சேர்த்தால் நாளைக்கு வீட்டுக்கே உரிமை கொண்டாடுவாரோ என்றும் சிலர் அஞ்சினார்கள். இரண்டும் நேராது என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சலுகை மனிதருக்கா மீட்டருக்கா என்ற கேள்விக்கு அப்போது கிடைத்த பதில் மீட்டருக்கு என்பதே. ஆகவே ஒரு மீட்டருக்குப் பின்னால் நான்காவதாக இருக்கும் குடும்பத்துக்கு மாநிலம் தரும் 100 யூனிட், முதல் குடும்பத்தின் தயவைப் பொறுத்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, ‘உட்பட’ வாடகையை ஒரு சூழ்ச்சியாகக் காட்டுவது நேர்மையாகாது. 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில், சென்னைக்கு இரண்டு மணி நேரமும் மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றபோது, கீழ்வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு விசிறிக்கும் ஒரு விளக்குக்கும் மாடிக்கு வயர் இழுத்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் உண்டு. அதற்கு யாரும் யூனிட் கணக்குப் போடவில்லை. மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவது, காம்பவுண்டில் வண்டி நிறுத்துவது, மரத்தில் காய்த்த முருங்கை என்று விலை வைக்க முடியாதவை பலவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. தனியாக வந்து தங்கும் இளம்பெண்ணுக்கு, நேற்று எரிந்த விளக்கைப் பற்றி விசாரிக்கும் அதே அம்மாள்தான், இரவுப் பணி முடிந்து வர நேரமானால் கேட்டைப் பூட்டாமல் காத்திருப்பவரும். பார்வையை மட்டும் கழித்துவிட்டுப் பாதுகாப்பை வைத்துக்கொள்ள வழியிருந்தால் பலரும் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி ஒரு வாடகை விகிதம் எந்த ஊரிலும் இல்லை.

மாதந்தோறும் மின்கணக்கு எடுப்போம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி தரப்பட்டது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது பற்றிய பேச்சும் தொடர்கிறது. மாதக் கணக்கு வந்தால் அதற்கேற்ப அடுக்குகளும் பாதியாகும். 500 யூனிட் கோடு 250 என்று ஆகலாம், அதைத் தாண்டாமல் காக்கும் கவலை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பது போய் மாதாமாதம் வரலாம். கணக்கீட்டாளர் வர வேண்டியிராத அந்த மீட்டரிலிருந்து பில் குறுஞ்செய்தியாகப் போகும். போய்ச் சேரும் எண், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. மாடியிலிருப்பவர் வழக்கம்போல நோட்டில் எழுதியதைத்தான் பார்ப்பார்.